வெளிறிய மஞ்சட்கருவுக்கு நிறம் ஏற்றுவது எப்படி: வளவில் கோழி வளர்ப்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

திருகோணமலைப் பக்கம் வளவில் பத்து, இருபது கோழி வைத்திருப்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் முறைப்பாடு ஒன்று உண்டு. கோழி நன்றாக இடுகிறது, முட்டையும் பெரிதாக இருக்கிறது, ஆனால் உடைத்தால் கரு எலுமிச்சைத் தோல் நிறத்தில் வெளிறிக் கிடக்கிறது. வாங்கியவர் "இது ஊர் முட்டை இல்லையே" என்கிறார். உடனே வீட்டுக்காரர் கண்ணில் பட்டதையெல்லாம் தீனில் கலக்கத் தொடங்குகிறார். அங்கேதான் சிக்கல். இந்த வேலையில் என்ன போடுகிறோம் என்பதைவிட, எதை எதற்குப் பிறகு செய்கிறோம் என்பதுதான் முக்கியம்.

அடிப்படையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கருவின் நிறத்தைக் கோழி தன் உடலில் உருவாக்குவதில்லை. தின்ற உணவில் உள்ள சாந்தோஃபில் என்ற நிறமிகள், அதிலும் முக்கியமாக லூட்டீனும் சியாசாந்தினும், குடலில் கொழுப்போடு சேர்ந்து உறிஞ்சப்பட்டு, இரத்தம் வழியாகக் கருவுக்குப் போய்ச் சேர்கின்றன. ஆகவே பார்க்க வேண்டியவை மூன்று: நிறமி தீனில் இருக்கிறதா, குடல் அதை எடுக்கிறதா, கருவில் சேரப் போதிய நாள் கொடுத்தோமா.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு, கிராம் கணக்கில் நிறுக்கும் சிறிய சமையலறைத் தராசு, ஒரு கொப்பி, பேனை. நிறத்தை ஒப்பிட ஏதாவது ஓர் அளவுகோலும் வேண்டும். பெரிய பண்ணைகளில் விசிறி போல விரியும் நிற அட்டை வைத்திருப்பார்கள். 1 மிக வெளிறிய மஞ்சள், 15 அல்லது 16 அடர்ந்த செம்மஞ்சள். அது கிடைக்காவிட்டால் பெயின்ட் கடையில் தரும் நிற அட்டையில் வெளிர் மஞ்சள் முதல் செம்மஞ்சள் வரை ஆறேழு துண்டுகளை வெட்டி, இலக்கம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த அட்டை என்பது முக்கியமில்லை. கடைசி வரை அதே அட்டை என்பதுதான் முக்கியம்.

2. இன்றைய நிறத்தைப் பதிவு செய்யுங்கள்

தீனில் கை வைக்க முன் இதைச் செய்யாவிட்டால், பிறகு மாற்றம் வந்ததா இல்லையா என்று சொல்ல வழியே இருக்காது. ஞாபகத்தில் இருக்கும் நிறத்தை நம்ப முடியாது.

ஒரே நாள் இட்ட ஐந்து முட்டைகளைப் பச்சையாக உடைத்துத் தட்டில் விடுங்கள். அவித்தால் கரு எப்போதும் வெளிறித் தெரியும், அதனால் அவித்ததையும் பச்சையையும் ஒப்பிடக் கூடாது. காலை வெளிச்சத்தில், நேர் வெயில் படாத விறாந்தையில் வைத்துப் பாருங்கள். சமையலறை மின்குமிழின் கீழே எல்லாக் கருவும் மஞ்சளாகத்தான் தெரியும். கைபேசிப் படத்தை மட்டும் நம்பாதீர்கள், கமரா தானாகவே நிறத்தைத் திருத்திவிடும். படம் எடுப்பதானால் இலக்கம் போட்ட நிற அட்டையும் அதே படத்தில் விழட்டும்.

ஐந்து முட்டையும் ஏறக்குறைய ஒரே இலக்கத்தில் வெளிறியிருந்தால் காரணம் அநேகமாகத் தீனில் இருக்கிறது. நான்கு நன்றாக இருந்து ஒன்று மட்டும் வெளிறியிருந்தால் அது அந்தக் கோழியின் உடம்பைப் பற்றிய செய்தி. இந்த வேறுபாட்டைக் கொப்பியில் எழுதுங்கள், நான்காவது படியில் தேவைப்படும்.

ஓட்டின் நிறத்தை இதில் சேர்க்க வேண்டாம். ஓடு வெள்ளையா பழுப்பா என்பது இனத்தைப் பொறுத்தது, கருவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சேவல் இருக்கிறதா இல்லையா என்பதும் அப்படித்தான்.

3. கோழி உண்மையில் எதைத் தின்கிறது என்று எழுதுங்கள்

"என்ன போடுகிறீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் "லேயர் தீன்தான்" என்பார்கள். ஒரு நாள் முழுக்கப் பார்த்தால் கதை வேறு. காலையில் கொஞ்சம் லேயர் தீன், பத்து மணிக்குக் குறுணல், மத்தியானம் மிஞ்சிய சோறு, பின்னேரம் தேங்காய்ப் புண்ணாக்கும் தவிடும் குழைத்து ஒரு சட்டி. சோறு, குறுணல், நெல், தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, மரவள்ளிக் கிழங்கு ஆகியவற்றில் கருவுக்கு நிறம் தரும் பொருள் இல்லை என்றே சொல்லலாம். வயிறு இவற்றால் நிறைந்தால், லேயர் தீனில் இருந்த கொஞ்ச நிறமியும் அடிபட்டுப் போகும்.

நமது மாவட்டத்தில் இது கூடுதலாகவே நடக்கும். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் அறுவடை முடிந்ததும் கோழிகள் வயலில் சிந்திய நெல்லை மேய்கின்றன. தவிடும் குறுணலும் கையெட்டும் தூரத்தில் மலிவாகக் கிடைக்கின்றன. பெரும்போக அறுவடைக் காலத்தில் கரு திடீரென்று வெளிறினால் நோயைத் தேட முன் வயலைப் பாருங்கள். நிலாவெளி, குச்சவெளி போன்ற கடற்கரை மணல் வளவுகளில் காரணம் வேறு: கோழி அவிழ்த்து விடப்பட்டிருக்கும், ஆனால் கொத்தப் புல் இருக்காது. "மேய்ச்சலில்தானே விடுகிறேன்" என்பது மட்டும் போதாது. மேய்ந்த இடத்தில் பச்சை இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு நாள் தொடர்ந்து, போடுவதை எல்லாம் நிறுத்து எழுதுங்கள். இடும் பண்ணைக் கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 110 கிராம் தின்னும், ஊர்க்கோழி அதைவிடக் குறைவு. அந்த அளவில் எத்தனை பங்கு சோறு, குறுணல், தவிடு போன்ற நிறமில்லாத தீன் என்று கணக்குப் பார்த்தால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

லேயர் தீன் பையையும் பாருங்கள். மஞ்சள் சோளம் உடைந்த துண்டுகளாகக் கண்ணுக்குத் தெரிகிறதா? சோள விலை ஏறும் காலத்தில் அதன் பங்கு குறைந்து அரிசிக் குறுணல் கூடும். கோழி வளரும், இடும், கரு மட்டும் வெளிறும்.

4. நிறம் சேர்க்க முன் குடலைக் கவனியுங்கள்

புதியவர்கள் தாண்டிப் போகும் படி இது. குடல் புண்பட்டிருந்தால் எவ்வளவு நல்ல இலையைப் போட்டாலும் நிறமி எச்சத்தோடு வெளியே போய்விடும்.

குடற்புழுவும், இரத்தக் கழிச்சல் எனப்படும் கொக்சிடியோசிஸும் இரண்டு பெரிய காரணங்கள். எச்சம் தொடர்ந்து நீராக இருக்கிறதா, இரத்தம் கலந்திருக்கிறதா, கோழி மெலிகிறதா, தலையிலுள்ள பூ (கொண்டை) வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது படியில் ஒரு முட்டை மட்டும் வெளிறியிருந்தால், அதை இட்ட கோழியில் முதலில் இவற்றைத் தேடுங்கள். இவற்றில் ஏதாவது இருந்தால் பிரதேச அரச கால்நடை வைத்தியரிடம் எச்ச மாதிரியோடு போங்கள். மருந்து கொடுத்தால் எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடவோ விற்கவோ கூடாது என்பதையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பூஞ்சணம் பிடித்த தீனும் இதே வேலையைச் செய்யும். பூஞ்சணத்திலிருந்து வரும் அஃப்ளடொக்சின் ஈரலைக் கெடுத்து, நிறமி கருவுக்குப் போவதைக் குறைக்கிறது. மாரி காலத்தில் சீமெந்துத் தரையில் நேரடியாக வைத்த பை அடிப்பக்கத்தால் கட்டிபட்டுப் போகும். அந்தக் கட்டியை உடைத்துப் போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். எறிந்துவிடுங்கள். நட்டம் ஒரு கிலோ தீன்தான்.

5. மஞ்சள் அடித்தளத்தைக் கட்டுங்கள்

இனித்தான் தீனில் கை வைக்க வேண்டும். முதல் வேலை கழிப்பது. குறுணலையும் சோற்றையும் தவிட்டையும் மொத்தத் தீனில் பத்தில் ஒரு பங்குக்குள் கொண்டுவாருங்கள். பல வளவுகளில் இது ஒன்றே போதும், வேறெதுவும் சேர்க்க வேண்டி வராது.

அதற்குப் பிறகும் வெளிறியிருந்தால் மஞ்சள் நிறமி தருவதைச் சேருங்கள்.

மஞ்சள் சோளத்தில் கிலோவுக்கு ஏறக்குறைய 20 மில்லிகிராம் நிறமி உண்டு. வெள்ளைச் சோளத்தில் இல்லை. சோளம் களஞ்சியத்தில் நாட்பட நிறமி குறையும், ஆகவே போன வருடச் சோளத்தில் இந்த வருடப் பலனை எதிர்பார்க்காதீர்கள். அரைத்து வைத்த சோளம் இன்னும் வேகமாக இழக்கும். வாரத்துக்குத் தேவையானதை மட்டும் உடைத்துக்கொள்ளுங்கள்.

நமது வளவுகளுக்கு ஏற்றது இலைதான். முருங்கையிலை, அகத்தி, கங்குன், முளைக்கீரை எல்லாவற்றிலும் லூட்டீன் தாராளமாக இருக்கிறது. பச்சையாகக் கொடுப்பதானால் கட்டாகக் கட்டி, கோழியின் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள். அப்போதுதான் இலையைக் கிழித்துக் கிழித்துத் தின்னும். நிலத்தில் வீசினால் பாதி மிதிபட்டு எச்சத்தோடு கலந்துவிடும். நீண்ட முற்றிய புல்லை அப்படியே போடாதீர்கள், இரைப்பையில் சிக்கி அடைத்துக்கொள்ளும்.

அளவில் கவனம் வேண்டும். கீரையில் பெரும்பங்கு தண்ணீர். காலையிலேயே கீரையால் வயிறு நிறைந்தால் கோழி தீனைக் குறைக்கும், முட்டை சிறுக்கும். காலையில் தீன், பின்னேரம் கீரை என்ற ஒழுங்கு நல்லது.

இலைத்தூள் செய்வதென்றால் முருங்கையிலையை உருவி, பாயில் மெல்லிதாகப் பரப்பி நிழலில் காய விடுங்கள். வெயிலில் காயவைத்தால் சீக்கிரம் காயும், ஆனால் நிறமியையே வெயில் தின்றுவிடும். கையில் நொருங்கும் பதம் வந்ததும் பொடித்து, காற்றுப் புகாத போத்தலில் இருட்டில் வையுங்கள். கிலோ தீனுக்கு 50 கிராம் வரை கலக்கலாம். அதற்கு மேல் போனால் நார் கூடி, தீனின் சத்து நீர்த்துப் போகும். இப்பில் இப்பில் மரத்தின் இலையில் மிமோசின் என்ற நச்சு இருப்பதால் அதைத் தேடிப் போக வேண்டாம், முருங்கை இருக்கும் ஊரில் அது தேவையும் இல்லை. மரவள்ளி இலையைப் பச்சையாகக் கொடுக்கவே கூடாது.

இலையைவிடப் பல மடங்கு செறிவானது செவ்வந்தி வகையில் வரும் மெரிகோல்ட் பூவின் இதழ். காய்ந்த இதழில் கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் நிறமி இருக்கும். ஆகவே கிலோ தீனுக்கு 2 முதல் 5 கிராம் இதழ்த்தூள் போதும். கடையில் வாங்கும் மாலைப்பூவுக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்பது தெரியாது. கோயிலில் சாத்திக் கழித்த பூவைக் கேட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. மரியாதை ஒரு புறம் இருக்க, அதுவும் கடைப்பூதான். வேலியோரம் நீங்களே நட்ட பூதான் நம்பிக்கை.

நிறமி கொழுப்பில் கரைவது என்று முன்னே சொன்னேன். அதனால் காய்ந்த இலைத்தூளைத் தனியே வைக்காமல் தீனோடு கலந்தே கொடுங்கள். தீனின் எண்ணெய்ச் சத்து அதை உள்ளே எடுத்துச் செல்லும். காறல் அடித்த தவிடு இதற்கு நேர்மாறு. கெட்ட எண்ணெய் நிறமியைச் சிதைத்துவிடும். மில்லில் எடுத்த தவிட்டை வாரக்கணக்கில் வைத்திருப்பவர்கள் முகர்ந்து பார்த்துவிட்டுப் போடுங்கள்.

"தம்பி, மஞ்சள் தூள் போட்டால் கரு மஞ்சளாகுமோ?" என்று கேட்காத அக்கா இல்லை. ஆகாது, அக்கா. கறி மஞ்சளின் நிறம் கேர்க்குமின், அது கோழியின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. கரட் போடுபவர்களுக்கும் ஒரு சொல். கரட்டில் உள்ள பீட்டா கரோட்டினைக் கோழி பெரும்பாலும் விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. கோழிக்கு நல்லதுதான், கருவுக்கு நிறம் கொஞ்சம்தான் ஏறும். பீற்றூட்டின் சிவப்பு கருவுக்குப் போவதே இல்லை.

6. பதினான்கு நாள் காத்திருங்கள்

கரு ஒரு நாளில் உருவாவதில்லை. முட்டை இடப்பட முன்னுள்ள ஏறக்குறைய பத்து நாளில், வெங்காயத்தின் தோல் போலப் படலம் படலமாக அது பெருக்கிறது. இன்று தின்ற இலையின் நிறம் இன்றைய படலத்தில் மட்டுமே சேரும். மூன்றாம் நான்காம் நாள் சிறிய மாற்றம் தெரியலாம், முழு நிறம் தெரியப் பத்து நாளுக்கு மேல் வேண்டும்.

இடையில் ஒரு முட்டையை அவித்து நடுவே வெட்டினால், நடுப்பகுதி வெளிறியும் ஓரம் கடுமையாகவும் வளையமாகத் தெரியலாம். அது நோயல்ல. வேலை நடக்கிறது என்பதற்கான அடையாளம்.

நான் அதிகம் பார்த்த தடுமாற்றம் இந்தப் படியில்தான். மூன்றாம் நாள் உடைத்துப் பார்த்து "ஒன்றும் ஆகவில்லை" என்று இலையை நிறுத்திவிட்டுச் செத்தல் மிளகாய்த் தூளைக் கொட்டுவார்கள். பத்தாம் நாள் கரு சிவந்ததும் செத்தல்தான் காரணம் என்று நினைப்பார்கள். உண்மையில் எது வேலை செய்தது என்பது யாருக்கும் தெரியாமல் போகும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். பதினான்காம் நாள் மறுபடி ஐந்து முட்டை, அதே தட்டு, அதே விறாந்தை, அதே அட்டை. பிறகு அடுத்த மாற்றம்.

7. செம்மை வேண்டுமானால் அதன் பிறகு

இலையும் சோளமும் மஞ்சளைத்தான் தரும். செம்மஞ்சள் வேண்டுமானால் மஞ்சளின் மேல் சிவப்பு நிறமி வேண்டும். வரிசை மாறக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்: அடியில் மஞ்சள் இல்லாமல் சிவப்பை மட்டும் ஏற்றினால் கரு செம்மஞ்சளாகாது, அழுக்கு இளஞ்சிவப்பாக வரும். குறுணல் தின்னும் கோழிக்குச் செத்தல் போட்டவர்கள் அந்த நிறத்தைப் பார்த்துப் பயந்ததுண்டு.

செத்தல் மிளகாயின் சிவப்பைக் கப்சாந்தின் என்பார்கள். நிறமி தோலில் இருக்கிறது, விதையில் அல்ல. ஆகவே விதையைத் தட்டிவிட்டு அரையுங்கள். கிலோ தீனுக்கு 3 கிராமில் தொடங்கி, இரண்டு வாரம் பார்த்து, தேவையானால் 5 கிராம் வரை போகலாம். கோழிக்கு உறைக்குமே என்று கவலைப்பட வேண்டாம். மிளகாயின் உறைப்பைப் பறவைகள் உணர்வதில்லை. கலக்கும் உங்களுக்குத்தான் மூக்கு எரியும், துணி கட்டிக்கொள்ளுங்கள்.

கடையில் அரைத்து விற்கும் மலிவான தூளைத் தவிருங்கள். அதில் சாயம் கலந்திருந்தால் சாயமும் கருவுக்குப் போகும். 2006இல் சீனாவின் ஹெபெய் மாகாணத்தில், கரு சிவக்க வேண்டும் என்று வாத்துகளுக்குச் சூடான் சாயம் கலந்த தீன் கொடுத்தது பிடிபட்டது. சூடான் சாயம் உணவில் தடைசெய்யப்பட்ட பொருள். முட்டையை உண்பது நம் பிள்ளைகளும் அயல்வீட்டுப் பிள்ளைகளும் என்பதை மறக்க வேண்டாம்.

இறால் தலையும் ஓடும் நல்ல மூலம். அதில் அஸ்டாசாந்தின் என்ற செந்நிறமி இருக்கிறது. கொட்டியாரக் குடாவை ஒட்டிய மூதூர், கிண்ணியா ஊர்களில் இது கிடைப்பது கடினமில்லை. நல்ல தண்ணீரில் கழுவி, அவித்து, காயவைத்து இடித்து, கிலோ தீனுக்கு 20 கிராமுக்குள் கொடுங்கள். கழுவாமல் போட்டால் உப்புக் கூடி எச்சம் நீராகும். பச்சை மீன் குடலைக் கொட்டுவது வேறு விடயம். அது நிறம் தராது, முட்டையில் மீன் வாடையைத்தான் தரும். பழுப்பு முட்டையிடும் சில கோழிகளில் அந்த வாடை இன்னும் கூடுதலாக வரும்.

தீன் கடைகளில் செயற்கை நிறமூட்டியும் கிடைக்கலாம். அதில் வரும் கந்தாசாந்தின் என்ற நிறமியின் உச்ச அளவை ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் முட்டைக்கோழித் தீனில் கிலோவுக்கு 8 மில்லிகிராமாகக் குறைத்தது. கூடுதலாக உட்கொண்டால் மனிதரின் விழித்திரையில் படியும் என்பதே காரணம். 10 கோழிக்கு அவ்வளவு நுணுக்கமாக நிறுக்கும் தராசு வீட்டில் இருக்காது. அதனால் நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

8. கச்சான் காலமும் மாரி காலமும்

மே முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று வீசும்போது வளவுப் புல் கருகும். வெயில் 34, 35 பாகையைத் தொடும்போது கோழி தீனையும் குறைக்கும். நிறமி இரண்டு பக்கத்தாலும் குறைகிறது. அந்த நாட்களில் நிறமூட்டுவதைக் கூட்டுவதைவிட, தீனை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் கொடுப்பது, குளிர்ந்த தண்ணீரை நிழலில் வைப்பது ஆகியவையே கூடுதல் பலன் தரும். கோழி தின்றால்தான் நிறமி உள்ளே போகும்.

ஒக்டோபரில் மழை தொடங்கினால் இலை காயாது, பூஞ்சணம்தான் பிடிக்கும். ஆகவே மாரிக்கான முருங்கைத்தூளைச் செப்டெம்பர் முடிய முன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

9. விநோதமான நிறங்கள்

அவித்த கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிந்தால் தீனைக் குறை சொல்லாதீர்கள். நெடுநேரம் அவித்ததால் வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சட்கருவின் இரும்பும் சேர்ந்து வருவது அது. அளவாக அவித்து, உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டால் வராது.

கரு பாசிப் பச்சையாகவோ பழுப்பாகவோ மாறினால் பருத்தி விதைப் புண்ணாக்கைச் சந்தேகியுங்கள். வெள்ளைக்கரு இளஞ்சிவப்பானால், மெத்தைப் பஞ்சு பிரித்த இடத்தில் இலவம் விதையைக் கோழி கொத்தியிருக்கலாம். கருவில் திட்டுத்திட்டாகத் தெரிந்தால், இறைச்சிக் கோழிக்குரிய தீன் தவறி வந்ததா என்று பாருங்கள். அதில் சேர்க்கப்படும் நிகார்பசின் என்ற மருந்து அப்படிச் செய்யும், பழுப்பு ஓட்டையும் வெளுப்பாக்கும்.

10. விற்கும்போதும் பிறகும்

வாங்குபவர்களிடம் கரு சிவந்தால் சத்து அதிகம் என்று சொல்லி விற்காதீர்கள். புரதமும் கொழுப்பும் நிறத்தைப் பார்த்து மாறுவதில்லை. இலை தின்ற கோழியின் கருவில் கண்ணுக்கு நல்லதான லூட்டீன் கூடியிருக்கும், அவ்வளவை உண்மையாகச் சொல்லலாம். செத்தலால் வந்த சிவப்புக்கு அந்த உரிமை இல்லை. ஊர்க்கோழியின் கரு பெரும்பாலும் கடுமையாக இருப்பதற்கு மேய்ச்சலும், இடைவெளி விட்டுக் குறைவாக இடுவதும் காரணம். தினமும் இடும் கோழியில் அதே நிறமி பல முட்டைகளுக்குப் பங்காகிறது.

விரும்பிய இலக்கம் வந்ததும் கலவையின் அளவைக் கொப்பியில் எழுதி, மாற்றாமல் வைத்திருங்கள். புதிய தீன் பை திறக்கும்போதும், அறுவடைக்குக் கோழியை வயலில் விடும்போதும், மழைக்குப் பின் வளவில் புல் தளிர்க்கும்போதும் ஐந்து முட்டை உடைத்துப் பாருங்கள். புல் வந்துவிட்டால் இலைத்தூளைப் பாதியாகக் குறைக்கலாம்.